மூன்று விரல் இடம்

உ

பம்பாய்
12.7.1976

அன்புள்ள அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும்,

மகன் திருப்பதி வணங்கி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். ஆத்தாவின் முழங்கால் வலி தேவலையா? அய்யாவுக்கு ஏலக்காய் வாட்டும் ஸ்டோர்ப் புகையில் இருமல் வருகிறதா?

வேலையில் சேர்ந்துவிட்டேன். கம்ப்யூட்டர் என்னும் இயந்திரத்தை இன்றுதான் நேரில் பார்த்தேன். ஓர் அறை முழுக்க அதுவே இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே மார்கழி மாதத்துப் போடிமெட்டுக் குளிர். அது மனிதருக்காக அல்ல, இயந்திரத்துக்குச் சூடேறக் கூடாதாம். யாரும் உரக்கப் பேசுவதில்லை. அதைத் தொடும் உரிமை மூன்று பேருக்குத்தான். மற்றவர்கள் தம் விண்ணப்பத்தை ஒரு சன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து அது சொன்ன வாக்கை வாங்கிக்கொள்ள வேண்டும். நான் கும்பிட்டுவிடாமல் இருக்கக் கைகளைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அது செய்ய வேண்டியதை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. வரிக்கு ஓர் அட்டை. அட்டைக்கு எண்பது கட்டம். எழுத்துக்குப் பதில் துளை. என் முதல் அடுக்கின் மேல் அட்டையில் பேனாவால் உ போட்டேன். இயந்திரம் ஆட்சேபிக்கவில்லை.

பால்பாண்டி மாமாவுக்கு: அய்யாவுக்குப் படித்துச் சொல்லி, பதிலும் எழுதும் சிரமத்துக்கு நன்றி. எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. அட்டையின் முதல் கட்டத்தில் ஆங்கிலச் 'சி' எழுத்து இருந்தால் இயந்திரம் அதைப் படிக்காமல் தாண்டிவிடும். அந்த அட்டை, பின்னால் அடுக்கைக் கையில் எடுக்கும் மனிதனுக்காக எழுதியது. இனி என் கடிதத்திலும் 'சி' என்று தொடங்கும் பத்தி உங்களுக்கு மட்டும்.

சி. சாப்பாடு பிடிக்கவில்லை. இரண்டு நாள் அழுதேன். படிக்க வேண்டாம்.

தங்கள் மகன்,
திருப்பதி


உ

சிலமலை
1.8.1976

சிரஞ்சீவி திருப்பதிக்கு அய்யா காசிமாயன் சொல்ல, கிளை அஞ்சலகப் பொறுப்பாளன் பால்பாண்டி எழுதுவது. "நான் சொன்னபடி எழுது, உன் பத்திரிகைத் தமிழைக் கொண்டாராத" என்பது உத்தரவு. ஆகவே இனி அவர் வாய்:

"அப்பு, நல்லா இருக்கியா? இங்க எல்லாரும் சௌக்கியம். ஆத்தா காலு மழைக்கு வலிக்கும், வெயிலுக்கு விடும். எனக்கு இருமல் இல்ல. மலையில காய் எடுப்பு ஆரம்பிச்சாச்சு. ஸ்டோர்ல தீ போட்டுட்டோம். நான் ஞாயித்துக்கிழமைதான் ஜீப்பு ஏறிக் கீழ வர்றேன். அந்த மிசுனுக்கு மட்டும் குளிராம், எங்க காய்க்கு மட்டும் சூடாம். ரெண்டுமே ஆள வேக வைக்கிற சோலிதான். பதனமா இரு. உன் சித்தப்பன் ஒச்சப்பன் கேட்டதாச் சொன்னான். ஸ்டோர்ல ஒரு லோடு காய் கருகுன வருசத்துலருந்து அவன் மலை ஏறல, ஆடு மேய்க்கிறான். வேற சங்கதி இல்ல."

சி. உன் முறை நல்ல முறை. அஞ்சல் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. உன் கடிதம் வந்ததும் அய்யா முதலில் தன் கையில் வாங்கி, தலைப்பில் உள்ள உ-வைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே என்னிடம் தருகிறார். உலகத்து எழுத்துகளில் அவருக்குப் பழக்கம் அது ஒன்றுதான். அழுததைப் படிக்கவில்லை. ஊறுகாய் அனுப்பச் சொன்னதாகச் சேர்த்துப் படித்தேன். பார்சல் வரும்.

பால்பாண்டி


உ

பம்பாய்
24.10.1977

அன்புள்ள அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும்,

நலமாக இருக்கிறேன். உங்கள் சுகம் அறிய ஆசை. ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

சென்ற வாரம் ஆயுத பூசை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கலாமா என்று இரண்டு நாள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். துளைகளில் ஈரம் புகுந்தால் பல லட்சம் நட்டம் என்றார் ஒருவர். வைக்காவிட்டால் என்ன நட்டம் என்று யாரால் சொல்ல முடியும் என்றார் இன்னொருவர். கடைசியில் இயந்திரத்தின் பக்கத்து மேசைக்குச் சந்தனம் வைத்தோம். என் மேலதிகாரி வர்கீஸ் சார், கோட்டயத்துக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர், ஓரமாக நின்று எல்லோரையும் போலப் பொரி வாங்கித் தின்றார். அதிகம் பேசாத மனிதர். என் அட்டைகளை ஒன்றுவிடாமல் படிப்பவர் அவர் ஒருவர்தான்.

உபயோகம் முடிந்த அட்டைகள் இரண்டு கட்டு அனுப்பியிருக்கிறேன். கெட்டி அட்டை. அடுப்பில் போடாமல் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மகன்,
திருப்பதி


உ

சிலமலை
20.11.1977

சிரஞ்சீவி திருப்பதிக்கு ஆசீர்வாதம். காசிமாயன் சொல்ல, பால்பாண்டி எழுதுவது.

"அப்பு, சௌக்கியமா? அட்டை வந்துச்சு. மூட்டைக்கு ஒண்ணாக் கட்டித் தொங்கவிட்டேன், தரம் பிரிக்க. போடியில ஏலத்துக்குக் கொண்டுபோனா ஒரு ஏவாரி அதப் பிடிச்சு வெளிச்சத்துல காட்டி, 'இது என்னய்யா ஓட்ட?'ன்னான். 'பம்பாயில கம்ப்யூட்டர் குத்துனது'ன்னேன். அது நெசந்தான? அவன் பயந்து நல்ல விலைக்குக் கேட்டான். இன்னும் ரெண்டு கட்டு அனுப்பு.

முக்கியமான சங்கதி. நம்ம குலசாமி பெட்டி, மாசிச் சிவராத்திரிக்குத் தலையில சுமந்து கோயிலுக்கு நடக்கிற முறை, எண்பத்தொண்ணு மாசிக்கு நம்ம வீட்டுக்கு வருது. ஒம்போது வருசத்துக்கு ஒருக்க. தலைமகன்தான் சுமக்கணும். போன முறை நான். இந்த முறை நீ. இப்பவே லீவு எழுதி வச்சுரு."

சி. மூன்றேகால் ஆண்டுக்கு முன்பே லீவு கேட்பதை உன் கம்பெனி எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தெரியவில்லை. ஆனால் இங்கே ஊர் முழுக்க அதே பேச்சு. கம்ப்யூட்டர் படித்தவன் பெட்டி சுமப்பது சாமிக்கே ஒரு பதவி உயர்வு என்கிறார்கள்.

பால்பாண்டி


உ

பம்பாய்
16.7.1978

அன்புள்ள அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும்,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை. நடந்ததை நீங்கள் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஒரு தேர்வு வாரியத்துக்கு மதிப்பெண் போடும் வேலை எங்களுக்கு வந்தது. நான்தான் எழுதினேன். ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கு இரண்டு கட்டம் ஒதுக்கினேன். தொண்ணூற்றொன்பது வரை அடங்கும். நூறு வாங்குகிறவனை நம் பள்ளிக்கூடத்தில் நான் பார்த்ததே இல்லை. ஆகவே அப்படி ஒருவன் இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. பதினோரு பிள்ளைகள் கணக்கில் நூறு வாங்கியிருந்தார்கள். நூறின் முதல் இலக்கமான ஒன்று இடமில்லாமல் விழுந்துபோய், இரண்டு கட்டத்திலும் பூச்சியம் மட்டும் நின்றது. கணக்கில் எல்லோரையும்விடக் கெட்டிக்காரப் பிள்ளைகள் பதினோரு பேரும் பெயில். இயந்திரம் சொன்னதால் யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு பையன் வீட்டைவிட்டு ஓடி, மூன்றாம் நாள் ரயில் நிலையத்தில் கிடைத்தான்.

விசாரணைக்கு மேலே இருந்து ஆள் வந்தார்கள். நான் ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் வர்கீஸ் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு தாளில், "தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். என்னைக் கூப்பிடவே இல்லை.

பதினோரு பேருக்கும் நூறு திரும்பக் கிடைத்துவிட்டது. வர்கீஸ் சாருக்கு வர இருந்த தலைமைப் பதவி போய்விட்டது. அவரை அட்டைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். "ஏன் சார் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டேன். "மூணு கட்டம் விடணும் திருப்பதி" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை, அய்யா. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

தங்கள் மகன்,
திருப்பதி


உ

சிலமலை
3.9.1978

சிரஞ்சீவி திருப்பதிக்கு,

"நல்லா இருக்கியா? இங்க மழை நல்ல மழை. காய் நல்ல காய். ஆத்தா சௌக்கியம். உடம்பப் பாத்துக்க."

அவ்வளவுதான் சொன்னார்.

சி. பதில் தாமதமானதற்கு அஞ்சல் துறை பொறுப்பல்ல. வர்கீஸ் கையெழுத்துப் போட்ட இடம் வந்ததும் அய்யா, "திருப்பிப் படி" என்றார். படித்தேன். "இன்னொருக்க" என்றார். மூன்றாம் முறை முடிக்கும் முன்பே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அடுத்த நான்கு ஞாயிறு மலையைவிட்டு இறங்கவில்லை. என்ன என்று கேட்டதற்கு, "அப்படியும் ஒரு மனுசன் இருக்கான்ல" என்றார். நான் எத்தனையோ புத்தகம் படித்தவன். அன்றிரவு அவற்றில் அப்படி ஒருவனைத் தேடிப் பார்த்தேன்.

பால்பாண்டி


பம்பாய்
9.9.1979

அன்புள்ள அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும்,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். என் பதவிக்கு இப்போது சாப்ட்வேர் என்ஜினியர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். வேலை அதேதான். இங்கே மழை ஓயவில்லை. ஆத்தாவுக்கு ஒரு சேலை அனுப்பியிருக்கிறேன்.

சி. மாமா, இதை எழுத ஒரு வாரம் ஆயிற்று. போன ஞாயிறு நான் ஞானஸ்நானம் பெற்றேன். என்னை யாரும் அழைக்கவில்லை. வர்கீஸ் சாரும் அழைக்கவில்லை. ஒரு ஞாயிறு நானாகவே அவர் பின்னால் தேவாலயத்துக்குப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மற்றவர்களின் தவறுக்குக் கீழே தன் பெயரை எழுதிய ஒருவரைப் பற்றி அங்கே படித்தார்கள். மற்றவர்களுக்கு அது எப்படியோ, எனக்குக் கேள்விப்படாத செய்தியாக இல்லை. அந்தக் கையெழுத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். தண்ணீரில் நின்றபோது, முதல் நாள் இயந்திர அறையில் கும்பிடத் தோன்றியது நினைவுக்கு வந்தது. அந்தப் பக்தி இதற்குப் பக்கத்தில் நிற்காது. இந்த முறை கைகளைப் பையில் வைத்துக்கொள்ளவில்லை.

புதுப் பெயர் வேண்டுமா என்று போதகர் கேட்டார். அய்யா வைத்ததை விட மனம் வரவில்லை. திருப்பதி என்ற பெயரை ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதும்போது அவர் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்தார்.

தலைப்பில் உ போடவில்லை. நம்பாமல் போட்டால் அது அய்யாவுக்கும் அவமரியாதை. அய்யாவிடம் சொல்லாதீர்கள். நானே நேரில் வந்து சொல்கிறேன்.

திருப்பதி


உ

சிலமலை
7.10.1979

சிரஞ்சீவி திருப்பதிக்கு,

"அப்பு, சௌக்கியமா? சேலை வந்துச்சு. ஆத்தா கட்டிக்கிட்டு மூணு தெரு சுத்துனா. முழங்கால் வலி எங்க போச்சுன்னு தெரியல. பெட்டிக்கு இன்னும் ஒண்ணரை வருசந்தான். தலையில பாரம் தூக்கிப் பழகிக்க. அங்க உனக்குத் தூக்க என்ன இருக்கு? அந்த அட்டையத் தூக்கிப் பழகு."

சி. உன் கடிதத்தை வழக்கம்போல முன்கூட்டிப் பிரித்து ஒத்திகை பார்த்தபோதுதான் தலைப்பு வெறுமையாக இருப்பதைக் கண்டேன். அய்யா ஜீப்பைவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். அஞ்சலகப் பேனா பக்கத்தில் இருந்தது. உ-வை நான் போட்டேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருபத்திரண்டு வருட சேவையில் பிறர் கடிதத்தில் ஒரு புள்ளி சேர்த்தவன் அல்ல நான். இப்போது ஒரு கடவுளையே சேர்த்துவிட்டேன். இதற்கு எந்தப் பிரிவின் கீழ் தண்டனை என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நீ சீக்கிரம் வந்து சொல். எத்தனை கடிதத்துக்குத்தான் நான் பிள்ளையாரை வழங்குவது?

பால்பாண்டி


பம்பாய்
18.1.1981

அன்புள்ள அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும்,

நலம். உங்கள் நலத்துக்கு ஏங்குகிறேன். மாசிக்கு வர இயலாது போலிருக்கிறது. லீவு கிடைக்கவில்லை. புது இயந்திரம் வருகிறது. யாரையும் விட மறுக்கிறார்கள். பெட்டியை வேறு யாராவது சுமக்க ஏற்பாடு செய்யுங்கள். மன்னிக்கவும்.

சி. லீவு இருக்கிறது, மாமா. கேட்கவே இல்லை. அந்தப் பெட்டியை நான் சுமக்க முடியாது. முடியாது என்று அய்யா முகத்துக்கு நேரே சொல்லவும் முடியாது. சொன்னால் அவருக்கு மகன் இல்லை. சொல்லாவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் அவருக்காக ஜெபிக்கிறேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

திருப்பதி




சிலமலை
15.2.1981

சிரஞ்சீவி திருப்பதிக்கு அய்யா காசிமாயன் சொல்ல, பால்பாண்டி எழுதுவது.

"அப்பு, நல்லா இருக்கியா? நானும் ஆத்தாவும் நல்லா இருக்கோம். பால்பாண்டி, ஒரு வார்த்தை விடாம எழுது. உன்னப் பத்தி வர்ற எடத்துலயும் பேனா நிக்கக் கூடாது."

(நிற்கவில்லை. பா.)

"ஒண்ணரை வருசமா உன் கடுதாசியில உ நீ போடல. இவன் போட்டான். பச்சைக் காயில ஒம்போது பச்சை பாத்துப் பிரிக்கிறவனுக்கு நீலத்துல ரெண்டு நீலம் தெரியாதா? உன் மை கருநீலம். இவன் மை தண்ணி கலந்த தபாலாபீஸ் மை."

(அரசாங்க மை. கலப்பது நானல்ல. பா.)

"வேற கைன்னு தெரிஞ்சும் கண்ணுல ஒத்திக்கிட்டேன். யாரு போட்டாலும் சாமி சாமிதான? ஏன் நீ போடலன்னுதான் தெரியல. போன மாசக் கடுதாசி வந்தப்ப, 'பால்பாண்டி, அந்தப் படிக்காத பத்தியப் படி'ன்னேன். 'எந்தப் பத்தி மச்சான்?'ன்னான். 'உன் கண்ணு கீழ போகையில வாயி நிக்குதே, அந்தப் பத்தி'ன்னேன். வேர்த்துப்போச்சு அவனுக்கு. படிச்சான். 'பழசெல்லாத்தையும் படி'ன்னு வீட்டுத் தகரப் பெட்டியில இருந்த அத்தனையும் எடுத்துக் குடுத்தேன். எல்லாத்தையும் படிச்சான். நீ பம்பாய் போன மொத வாரம் அழுதது வரைக்கும். அதுக்கு மட்டும் ஆத்தா அழுதா.

நீ சாமி மாறுனது எனக்கு வலிக்குது. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் சோறு எறங்கல. ஆனா கோவம் அதுக்கு இல்ல. லீவு இல்லைன்னு எழுதினியே, அதுக்குத்தான் கோவம். அடுத்தவன் தப்புக்குக் கையெழுத்துப் போட்ட ஆளு பின்னால போனவன் நீ. போயிட்டு, லீவு மேல பழியத் தூக்கிப் போடுறியே, அந்தாளு கேட்டா என்ன நெனைப்பாரு?

சரி, கேக்குற யோக்கியதை எனக்கு இருந்துச்சான்னா, போன வெள்ளிக்கிழம வரைக்கும் இல்ல. அதையுங் கேட்டுக்க. பதினோரு வருசத்துக்கு முந்தி ஒரு லோடு காய் கருகுனது ஒச்சப்பனால இல்ல. அன்னைக்குத் தீ என் பொறுப்பு. நான் வெளிய நின்னு பஸ்சுக்காரன்கிட்டக் கதை பேசிட்டு வந்தேன். காய் கரியாக் கெடக்கு. மொதலாளி, தீ யாரு பொறுப்புன்னு கேட்டாரு. என் வாயி 'ஒச்சப்பன்'னு சொல்லிருச்சு. கூடப் பிறந்த தம்பி. அவன் பழியத் தலையில ஏத்துக்கிட்டான். மலைய விட்டு எறங்கிட்டான்.

நீ எழுதுன அந்த வர்கீசு சங்கதிய இவன் படிச்சன்னைக்கு நேரா மலை ஏறிட்டேன், நாலு வாரம் எறங்கல. அவரு செய்யாததச் செஞ்சேன்னாரு. நான் செஞ்சதச் செய்யலன்னேன். அவரு எங்கயோ கோட்டயத்துல பிறந்து, எம்மகனுக்கு எதுக்கு அதச் செய்யணும்? ஸ்டோர்ல தீயப் பாத்துக்கிட்டே நெனப்பேன். நெனச்சு முடியல.

வெள்ளிக்கிழம பங்காளிக எல்லாரும் கூடி, பெட்டிய யாரு சுமக்கன்னு கேட்டாக. எந்திரிச்சுச் சொல்லிட்டேன். காய் கருக்குனது நான்தான்னு சொன்னேன். ஒச்சப்பன் ஆட்டுக் கயித்தச் சுத்திக்கிட்டே, 'தெரியும்ணே. நீ சொல்லுவேன்னுதான் இருந்தேன்'னான். நான் போயி அவன் பக்கத்துல உக்காந்தேன்.

பெட்டிய இந்த முறை அவன் மகன் சோலை சுமக்குறான். நான் கேட்டு எல்லாரும் ஒத்துக்கிட்டாக. நீ வா. சுமக்க வேணாம், கும்பிட வேணாம், விபூதி பூச வேணாம். என் கூட நடந்து வா, போதும். கிடாக்கறி உனக்கு ஆகுமான்னு உன் ஆளுககிட்டக் கேட்டுக்கிட்டு வா. ஆகாதுன்னா ஆத்தா தனியாக் கொழம்பு வைப்பா. வர்கீசையும் கூட்டிட்டு வா. எதுக்குன்னு கேக்காத. அந்த முகத்த நான் ஒருக்கப் பாக்கணும். வெரசா வா.

மேல சொன்னதுக்கெல்லாங் கீழ என் ரேகைய வைக்கிறேன். எழுத்து இவனுது, தப்பு என்னுது.

கடைசியா ஒண்ணு. இந்தக் கடுதாசியில உ போட வேணாம்னு பால்பாண்டிகிட்டச் சொல்லிட்டேன். உன் சாமிக்கு என்ன குறின்னு எனக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியுமாம், போடட்டுமாங்கிறான். வேணாம்னுட்டேன். இவன் போட்டது போதும். மேல இடம் விட்டிருக்கு, நீயே போட்டுக்க. இவன் ரெண்டு விரல் இடம் போதும்னான். ரெண்டு கட்டம் போதும்னு நெனச்சுத்தான நீ கெட்ட? மூணு விரல் விடச் சொல்லியிருக்கேன்."

இப்படிக்கு,
காசிமாயன்
(இடது பெருவிரல் ரேகை)